தெருவுக்காக அழுத திராட்சைக்கொடி

மலைக்குப் போன ஜீப்பு திரும்பாத வருஷத்துக்கு அடுத்த வருஷம், ஆடிக் காற்று தகரக் கூரைகளைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்த மாதத்தில், கம்பம் பள்ளத்தாக்கின் ஓரத்தில் இருந்த ஓடைத்தெருவில், தவமணி வீட்டுக் கொல்லையில் நின்ற பன்னீர்த் திராட்சைக்கொடி தெருவுக்காக அழ ஆரம்பித்தது. அதற்கு முன்னால் அந்தத் தெருவில் எல்லோரும் அவரவர் அழுகையை அவரவரே அழுதுகொண்டிருந்தார்கள், தவமணியைத் தவிர.

கொடியை நட்டவன் அவள் புருஷன் மச்சக்காளை. ஏலத்தோட்டத்து வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு விடியுமுன்னே மலையேறி, பொழுது சாயும்போது கொண்டுவந்து இறக்கிவிடுகிற ஜீப்பை ஓட்டியவன். காய் எடுக்கும் காலத்தில் அந்த ஜீப்புக்குள் உட்கார முடிந்தவர்களும் போவார்கள், உட்கார முடியாமல் தொற்றிக்கொண்டவர்களும் போவார்கள். ஒருநாள் காலை, மலையிலிருந்து இறங்கி வந்த மேகத்துக்குள் ஜீப்பு நுழைந்தது. அந்தப் பக்கமாக வெளியே வரவில்லை. அவனும் ஓடைத்தெருப் பெண்கள் நாலு பேரும் ஒரே வண்டியில், ஒரே மாதிரி வெள்ளைத் துணி போர்த்தி, வீடு வந்து சேர்ந்தார்கள்.

நாலு வீட்டில் ஒப்பாரி எழுந்தது. ஐந்தாவது வீட்டில் தவமணி புருஷன் தலைமாட்டில் உட்கார்ந்து வாயைத் திறந்தாள்; திறந்த வாய்க்குள் அடுத்த வீட்டுப் பொன்ராம் தன் பொண்டாட்டி சிலம்பாயியைக் கூப்பிட்டுக் கதறுகிற சத்தம் வந்து விழுந்தது. வண்டியை ஓட்டிப்போனவனின் பொண்டாட்டி எந்த வாயால் அழுவது என்று யோசித்தவள், வாயை மூடிக்கொண்டாள். மூடிய வாய் பிறகு அழுகைக்காகத் திறக்கவில்லை. மச்சக்காளையைக் கொல்லைப்புற வழியாக, கொட்டுமேளம் இல்லாமல், கொடிக்குக் கீழே குனிந்து தூக்கிப்போனார்கள்.

அதன்பின் தெரு அவளோடு பேசவில்லை. அவன் பேரையும் சொல்லவில்லை. ஜீப்பு என்றார்கள், மேகம் என்றார்கள், விதி என்றார்கள், 'அன்னைக்கி' என்றார்கள். முப்பது வருஷமாகத் தெருவில் ஓடித்திரிந்த ஒரு பேர் உப்பில்லாத சோற்றுக் கவளத்தைப்போல எல்லோர் வாயிலிருந்தும் வெளியே போய்விட்டது. தவமணிக்கு வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை. யாராவது ஒருவர் அந்தப் பேரைச் சொல்லி, அவள் அதைக் கேட்டு, ஒருதடவை உட்கார்ந்து அழுதுவிட்டால் போதும் என்றிருந்தது.

ஆனால் கொடியின் மேல் தெருவுக்குக் கோபமில்லை. அது அவள் கொல்லையில் வேர்விட்டு, கல் தூண்களில் ஏறி, கம்பிப் பந்தலில் படர்ந்து, பொன்ராம் வீட்டுச் சுவரைத் தாண்டி, சந்தில் தண்ணீர் பிடிக்க நிற்கிற பெண்களின் தலைக்கு நிழல் போட்டிருந்தது. நிழலில் நின்றுகொண்டு நன்றியில்லாமல் இருக்க முடியவில்லை அவர்களுக்கு. அதனால், கொடிக்கு ஒரு கேடு வந்தபோது, தவமணியோடு பேசாமலேயே தவமணிக்குச் சொல்ல ஒரு வழி கண்டுபிடித்தார்கள்.

இலையில் வெள்ளை வெள்ளையாக மாவு பூத்தபோது, மறுபக்கத்து வீட்டு ராக்காயி சுவருக்கு அந்தப் பக்கம் நின்று தன் கோழியைப் பார்த்துச் சொன்னாள். ராக்காயி ஒப்பாரி படிக்கிறவள். சுற்றுவட்டாரத்தில் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் மாரடிக்க அவளைத்தான் கூப்பிடுவார்கள்.

"ஏ கோழி, புளிச்ச மோரத் தண்ணியில கலந்து இலைக்கு மேலயும் கீழயும் தெளிச்சா இந்தச் சாம்பல் நோவு போயிரும்ல? உனக்கெங்க தெரியப்போகுது, மேயத்தான் தெரியும்."

தவமணி மோர் தெளித்தாள். மாவுப்பூச்சி அடைந்து எறும்பு ஏறியபோது, பொன்ராம் தன் மோட்டார் சைக்கிளிடம், வேப்பெண்ணெயைச் சோப்புத் தண்ணீரில் கலக்கி அடிக்க வேண்டும் என்றும் அதையும் வெயில் தாழ்ந்த பிறகு அடிக்காவிட்டால் இலை கருகும் என்றும் சொல்லிக்கொண்டே செயினுக்கு எண்ணெய் விட்டான். மைனாக்கள் பழத்தைக் கொத்தியபோது ஒரு பழைய கொசுவலை சுவர்மேல் கிடந்தது. யார் போட்டது என்று தெரியாது. இதெல்லாம் தவமணிக்குத் தெரியாதது அல்ல. அவளே திராட்சைத் தோட்டங்களில் கொடி வெட்டும் கவாத்துக்கும் குலை கழிக்கவும் கூலிக்குப் போகிறவள். இருந்தாலும் கோழிக்குச் சொன்னதையும் மோட்டார் சைக்கிளுக்குச் சொன்னதையும் ஒன்றுவிடாமல் செய்தாள். கொடிக்கு நோய் வந்தால்தான் அவள் காதில் மனுஷக் குரல் விழுந்தது. நோயில்லாத வாரங்களில் அவள் இலையைப் புரட்டிப் புரட்டி ஏதாவது புள்ளி தெரிகிறதா என்று பார்ப்பாள்.

வருஷம் திரும்பியபோது கொடி காய்க்கவில்லை. இலை மட்டும் யானைக் காதாக வளர்ந்தது.

"வெட்டாத கொடி எப்படிக் காய்க்கும், கோழி?" என்றாள் ராக்காயி. "வெட்டுனாத்தான் துளிர்க்கும், துளிர்த்தாத்தான் பூக்கும். ஆசையா இருக்குன்னு வச்சுக்கிட்டே இருந்தா வெறும் வெறகுதான்."

வெட்டுவதற்கு முன்னால் தண்ணீரை நிறுத்திக் கொடியைக் காயப்போட வேண்டும். ஈரத்தோடு வெட்டினால் வெட்டின கணுவெல்லாம் நீர் வடிக்கும். தவமணி தன் வீட்டுத் தண்ணீரை நிறுத்தினாள். பாத்திரம் கழுவுகிற தண்ணீரைக்கூடத் தெருவில் கொண்டுபோய் ஊற்றினாள். மண் வெடிப்புவிட்ட பிறகு, மச்சக்காளையின் கத்தரியைத் துருப்போகத் தீட்டிக்கொண்டு ஏணியில் ஏறினாள். ஆனால் அவள் ஒன்றை மறந்துபோனாள், அல்லது பேசாத தெருவில் அதை அவளுக்கு யாரும் சொல்லவில்லை. அன்றைக்குத்தான் அந்த நாலு பேருக்கும் தலைத்திவசம். அவள் புருஷனுடைய நாளை ஐயர் சொன்ன திதிக் கணக்கில் முந்தியே தனியாகக் கும்பிட்டு முடித்திருந்தாள்; நாலு வீட்டாரும் தேதிக் கணக்கில் வைத்திருந்தார்கள். தெருவில் இருந்த அத்தனை பேரும் ஆணும் பெண்ணுமாகத் தலை முழுகினார்கள், அழுதுகொண்டே முழுகினார்கள், நாலு வீட்டுத் தலைமுழுக்குத் தண்ணீரும் சந்துச் சாக்கடையில் ஒன்றாகக் கூடி, மெதுவாக நடந்து வந்து, தவமணி கொல்லைச் சுவருக்கடியில் இருந்த ஓட்டை வழியாகக் கொடியின் வேருக்குள் இறங்கியது. மேலே அவள் வெட்டிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் எல்லாக் கணுவிலிருந்தும் நீர் சொட்டியது. அதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. ஒரு வாரத்தில் நிற்கும் என்று நினைத்தாள், நிற்கவில்லை. விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள்; உப்புக் கரித்தது. ஏலக்காய் வாசம் அடித்தது. அதே நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம், வருஷம் முழுக்கக் காலை எழுந்ததும் பொண்டாட்டி படத்துக்கு முன்னால் நின்று விசும்புகிற பொன்ராம், அன்றைக்கு விசும்ப வாயெடுத்து, விசும்பல் வராமல், கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, பல் விளக்கப் போனான்.

தெரு இதை மூன்று நாளில் புரிந்துகொண்டது. துக்கம் உள்ளவர் கொடிக்குக் கீழே வந்து நின்றால் கொடி கூடுதலாகச் சொட்டியது, நின்றவர் லேசாகித் திரும்பிப் போனார். முதலில் சுவருக்கு அந்தப் பக்கமாகவே நின்று கையை நீட்டினார்கள். பிறகு கொல்லைக் கதவு வழியாக வந்தார்கள். கடைசியில் வாசல் வழியாகவே வந்தார்கள்.

"மதினி, இருக்கீகளா?" என்று ஒரு பெண் குரல் கொடுத்தபோது, அடுப்படியில் இருந்த தவமணிக்கு அது தன்னைத்தான் என்று உடனே விளங்கவில்லை.

வந்தவர்களுக்குக் குடம் வைத்தாள், பலகை போட்டாள். காப்பி கொடுத்தாள், குடித்தார்கள். சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள வெஞ்சனம் கேட்டுக் கிண்ணத்தை நீட்டினார்கள், கொடுத்தாள். தெருவில் ஒரு சாவு விழுந்தால் பந்தல்காரருக்கும் பூக்காரருக்கும் சொல்லி அனுப்புகிற மாதிரி தவமணிக்கும் சொல்லி அனுப்பினார்கள்: 'அத்தை, மேலவீட்டுத் தாத்தா முடிஞ்சிட்டாரு, பெரிய குடமா ஒண்ணு வச்சிருங்க.' கட்டிக்கொடுத்த பெண் புருஷன் வீட்டுக்குக் கிளம்பும்போது தாயும் மகளும் கட்டிக்கொண்டு அழுவதை விட்டுவிட்டு, ஒரு செம்பைக் கொடிக்குக் கீழே வைத்துவிட்டு, சிரித்துக்கொண்டே காரில் ஏற்றி அனுப்பினார்கள். பரீட்சையில் தோற்ற பிள்ளைகள் வந்தன, ஆடு தொலைத்தவர்கள் வந்தார்கள். வெளியூர் உறவுக்காரர்கள் வந்து, சந்துச் சாக்கடைக்கு மேலே ஒரு வாளித் தண்ணீரில் தலை முழுகிவிட்டு, பலகையில் வரிசையாக உட்கார்ந்தார்கள். மருந்துக்கடையில், கண் வறண்டு உறுத்துகிறது என்று சொட்டு மருந்து வாங்குகிறவர்கள் அதிகமானார்கள். அதை ஒரு குறையாக யாரும் நினைக்கவில்லை.

குறைபட்டவள் ராக்காயி ஒருத்திதான்.

"என் பொழப்புல மண்ணப் போட்டுட்டியே தவமணி," என்றாள் ஒருநாள், இப்போது கோழியை விட்டுவிட்டு நேராகவே. "நேத்து ஒரு எழவு வீட்டுக்குப் போயி மாரடிக்கிறேன், சொந்தக்காரப் பயலுக செல்போன்ல படம் பாத்துக்கிட்டு, 'கிழவி, சத்தத்தக் கொறை'ங்கிறானுக. பெத்த மக இட்லி திங்கிறா. தொட்டுக்க என்னன்னு கேக்குறா."

"நானா அழச் சொன்னேன் அத?"

"நீ சொல்லல. நீதான் அழவே மாட்டியே. ஒனக்குச் சேத்துத்தான் அது வடிக்குதோ என்னமோ."

தவமணிக்கும் அந்த எண்ணம் இருந்தது. யாருமில்லாத மத்தியானங்களில் அவள் தனியாக ஒரு குடத்தைக் கொண்டுபோய்ப் பந்தலுக்கு அடியில் வைத்து, புருஷனை நினைத்துக்கொண்டு நிற்பாள். குடத்தில் நீர் விழும். மோந்து பார்ப்பாள். ஏலக்காய் வாசம் வரும், மஞ்சள் வாசம் வரும், யார் வீட்டுக் கிழவனோ பிடித்த பீடி வாசம் வரும். டீசல் வாசமும் கிரீஸ் வாசமும் மட்டும் ஒருநாளும் வரவில்லை. அழுத தண்ணீரைத்தான் கொடி குடித்திருந்தது. அவள் வீட்டிலிருந்து அப்படி ஒரு சொட்டும் அதன் வேருக்குப் போயிருக்கவில்லை.

நீர் வடிகிற கொடி துளிர்ப்பதில்லை. கணுக்கள் வீங்கி, வீங்கினபடியே நின்றன. தண்டின் பட்டை சுருங்கி உரிந்தது. இப்படியே விட்டால் அடுத்த மழைக்கு முன்னால் கொடி செத்துவிடும் என்று தவமணிக்குத் தெரிந்தது. மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கூழாகக் கரைத்து வெட்டுவாயில் பூசினால் வடிவது நிற்கும் என்பதும் தெரிந்தது. தோட்டத்தில் எத்தனையோ கொடிகளுக்குப் பூசியிருக்கிறாள். மச்சக்காளை நட்டது என்று சொல்லிக்கொள்ள அவளிடம் இருந்தது அந்தக் கொடி ஒன்றுதான். பூசினால் கொடி பிழைக்கலாம். பூசினால் இந்தக் கூட்டம் போய்விடும். வாசலில் மதினி என்ற சத்தம் போய்விடும். துத்தப் பொட்டலத்தை வாங்கிவந்து உறியில் வைத்தாள். அங்கேயே இருந்தது அது, நாள் கணக்கில்.

தெருவில் வேறொன்று மெதுவாக நடந்துகொண்டிருந்தது. செத்தவர்களைப் பற்றிய பேச்சு முதலில் குறைந்தது, பிறகு தேய்ந்தது. சிலம்பாயியோடு செத்த மற்றொரு பெண்ணின் வீட்டில், சுண்ணாம்பு அடிக்கிறபோது இறக்கிவைத்த அவள் படத்தைத் திரும்ப மாட்டவில்லை. ஆணியில் நாள்காட்டி தொங்கியது. தவமணி கேட்டதற்கு, 'அது என்ன படம் மதினி?' என்றார்கள். மேலவீட்டுத் தாத்தாவின் பேரைக் குடும்ப அட்டையைப் பார்த்துத்தான் சொல்ல முடிந்தது. யாருக்கும் வருத்தமில்லை. வருத்தமிருந்தால் கொடிக்கடியில் வந்து நின்றிருப்பார்களே.

ஒருநாள் சாயங்காலம் தவமணி கொல்லையில் நிற்கும்போது, சுவருக்கு அந்தப் பக்கம் பொன்ராம் சீட்டி அடித்துக்கொண்டே மோட்டார் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவன் கையில் இருந்த துணி அவள் கண்ணில் பட்டது. அரக்குக் கரை போட்ட பச்சைச் சீலை. சிலம்பாயி பொங்கலுக்கு எடுத்து, கரை நல்லா இருக்கா தவமணி என்று இதே சுவர்மேல் போட்டுக் காட்டிய சீலை. அதில் பாதியைக் கிழித்து எடுத்திருந்தான்.

"அண்ணே, அது யாரு சீல?"

பொன்ராம் துணியை விரித்துப் பார்த்தான். "வீட்டுல கெடந்துச்சு. நல்லா தண்ணி உறிஞ்சுது தங்கச்சி, நூல் சீல பாரு."

"சிலம்பாயியோடது."

"ஆமாமா," என்றான் அவன், எதிர்வீட்டுக்காரர் பேரைக் கேட்ட மாதிரி. "அவளோடதா இருக்கும்."

தவமணி சுவரைப் பிடித்துக்கொண்டாள். அவள் கேட்க வேண்டுமென்று நினைக்கவில்லை. வாய் தானாகக் கேட்டது.

"எங்க வீட்டுக்காரர் மேல ஒங்களுக்குக் கோவம் போயிருச்சாண்ணே?"

"ஒங்க வீட்டுக்காரரா?" பொன்ராம் நெற்றியைச் சுருக்கினான். உண்மையாகவே யோசித்தான், அதுதான் அவளால் தாங்க முடியவில்லை. "அவரு எங்க, வெளியூர்ல வேலையா? நான் பாத்ததே இல்லையே தங்கச்சி."

பொன்ராமும் மச்சக்காளையும் ஒன்றாகப் பள்ளிக்கூடத்துக்குப் போய், ஒன்றாக நின்றுவிட்டவர்கள். அந்தப் பந்தலின் கல் தூண்களை நாலு பேர் தூக்கி நட்டார்கள் என்றால் அதில் ஒரு தோள் பொன்ராமுடையது.

அன்று இரவு தவமணி உறியைப் பார்த்தபடி படுத்திருந்தாள். மறுநாள் தெரு வேலைக்குப் போனபிறகு, வெயில் உச்சிக்கு ஏறினபோது, மண்சட்டியில் துத்தத்தையும் சுண்ணாம்பையும் கரைத்தாள். நீல நிறத்தில் கூழ் திரண்டது. முதலில் சுவருக்கடியில் இருந்த ஓட்டையைக் கல்லும் களிமண்ணும் வைத்து அடைத்தாள். சாக்கடை ஒரு நிமிஷம் தயங்கி நின்று, வேறு பக்கம் திரும்பிப் போனது. பிறகு ஏணியில் ஏறி, வெட்டுவாய் ஒவ்வொன்றாகத் துடைத்து, கூழைப் பூசி, துணிக்கிழிசல் சுற்றிக் கட்டினாள். கட்டும்போது ஒவ்வொரு கணுவும் விரலுக்கடியில் குழந்தையின் தொண்டையைப்போல விம்மி அடங்கியது. ராக்காயி சுவருக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யோசிச்சுத்தான் செய்றியா? தெரு உன்ன மறுபடியும் ஒதுக்கி வச்சிரும்டி. ஒரு குடம் தண்ணி கேட்டாலும் தரமாட்டாளுக."

"தெரியும்க்கா."

"கொடியாச்சும் பொழைக்குமா?"

"தெரியாதுக்கா. ரொம்ப வடிச்சிருச்சு."

"அப்புறம் எதுக்கு?"

தவமணி கடைசிக் கிழிசலை இறுக்கி முடிச்சுப் போட்டாள். ராக்காயி சேலைத் தலைப்பை இடுப்பில் சொருகிக்கொண்டு, வேலைக்குக் கூப்பிட்ட மாதிரி, தன் வீட்டு வாசலில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

விளக்கு வைக்கிற நேரத்தில் ஆரம்பித்தது. நாள்காட்டி தொங்கிய வீட்டில்தான் முதல் குரல். ஒரு பிள்ளை பெட்டிக்கு அடியிலிருந்து படத்தை இழுத்து எடுத்து, அம்மா என்று கத்தியது. அடுத்து மேலவீடு. அடுத்து, மகளைச் சிரித்துக்கொண்டே அனுப்பிவைத்த தாய், போய்விட்ட காரைத் தேடித் தெருமுனைவரை ஓடினாள். அழாமல் விட்ட அழுகையெல்லாம் வட்டியும் முதலுமாக வந்து, ஒரு வீட்டுக் கூரையிலிருந்து இன்னொரு வீட்டுக் கூரைக்குத் தாவி, தகரத்தை அதிரவைத்து, ஆடுமாடுகளைக் கயிற்றை அறுக்கவைத்து, மலைப்பக்கத்து ஊர்வரைக்கும் கேட்டது. ராக்காயி எந்த வீட்டுக்குப் போவதென்று தெரியாமல் நடுத்தெருவில் நின்றே மாரடித்தாள். பொன்ராம் வீட்டிலிருந்து மட்டும் சத்தமில்லை. அவன் கிழிந்த சீலையின் இரண்டு பாதியையும் தரையில் விரித்து, ஓரத்தோடு ஓரம் சேர்த்து, சேர்த்துச் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

தவமணி கதவைத் திறந்தே வைத்திருந்தாள். யாரும் வரவில்லை.

விடிந்தபோது வந்தார்கள். முகம் வீங்கி, குரல் கட்டி, தலை விரிந்து, தெருவே அவள் வாசலுக்கு முன்னால் வந்து நின்றது. ஒருவரும் மதினி என்று கூப்பிடவில்லை. முன்னால் நின்ற பொன்ராமின் கைகளில் ஒட்டுப்போட்ட பச்சைச் சீலை இருந்தது; இரவெல்லாம் கோணல்மாணலாகத் தைத்திருக்கிறான்.

"மேகம் எறங்கிருக்குன்னு சொன்னோம்ல," என்றான். "டீக்கடையில நின்ன அம்புட்டுப் பேரும் சொன்னோம்ல. கொஞ்சம் பொறுத்துப் போடான்னு நான் அவன் கையப் புடிச்சேன்ல. கேட்டானா? எந்தலைக்குமேல இருந்த கூரையப் பிச்சுட்டுப் போயிட்டானே பாவி. மண்ணாப் போவான். அவன் நல்ல கதிக்குப் போகக் கூடாது, அந்த மச்சக்காளை."

கூட்டத்தில் யாரோ, மச்சக்காளை, மச்சக்காளை என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்கள். இன்னொருத்தி மண்ணை அள்ளித் தூற்றினாள்.

தவமணி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இன்னொரு தடவ சொல்லுங்கண்ணே," என்றாள்.

பொன்ராம் அவளைப் பார்த்தான். பிறகு சொன்னான், இந்தத் தடவை அப்பன் பேரையும் சேர்த்து, பள்ளிக்கூடத்தில் கூப்பிட்ட பட்டப்பேரையும் சேர்த்து, முழுதாகச் சொல்லிச் சபித்தான், சபித்துக்கொண்டிருக்கும்போதே அவன் குரல் உடைந்தது. தவமணி படியில் உட்கார்ந்து, மூடியிருந்த வாயைத் திறந்தாள். அவளை யாரும் தேற்றப் போகவில்லை. யாரும் கலைந்து போகவும் இல்லை.